முந்தைய எண்

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு தொழிற்சாலை வாசலில் கண்டெய்னர் கதவை மூடி சீல் வைத்துவிட்டால், சரக்கு ஐரோப்பா போய்ச் சேர்ந்த மாதிரிதான் நம் ஊர்ப் பேச்சு. லாரி சென்னைத் துறைமுகம் சேர அரை நாள் போதும். அதற்குப் பிறகு அந்த ஷூப் பெட்டிகள் எந்த வழியாகப் போகின்றன என்று நம் பக்கத்தில் கேட்பவர்கள் குறைவு.

பாக் நீரிணையில் பெரிய கப்பல் போக ஆழம் கிடையாது. அதனால் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகும் கப்பல் இலங்கையைக் கிழக்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறது. தென்கிழக்குக் கரைக்கு வெளியே கடலில் கிரேட் பாசஸ் என்ற பாறைத்தொடர் கிடக்கிறது. இராவணன் கோட்டை என்பது அதற்கு இலங்கையில் வழங்கும் பெயர். 1873 முதல் அதன் மேல் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதைத் தாண்டி, காலிக்குத் தெற்கே வளைந்து, கொழும்பு. நிறையச் சரக்கு அங்கேதான் பெரிய கப்பலுக்கு மாறுகிறது.

இந்தப் பாதையில் எங்கே பாறை, எங்கே மணல்திட்டு, எந்த விளக்கு எத்தனை நொடிக்கு ஒரு முறை மின்னும் என்று சொல்வது கடல் வரைபடம். கப்பலில் அதைச் 'சார்ட்' என்போம். கடலே இல்லாத திருப்பத்தூரில் பிறந்து, ஏலகிரியைப் பார்த்து வளர்ந்த நான், 1990களில் சரக்குக் கப்பல்களில் செகண்ட் ஆபீசராக இருந்தேன். கப்பலின் சார்ட்டுகளை நாள்பட விடாமல் திருத்தி வைப்பது செகண்ட் ஆபீசரின் பொறுப்பு. அன்று அந்த வேலை எப்படி நடந்தது, இன்று எப்படி நடக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கடல் ஓயாமல் மாறுகிறது

ஒரு முறை அச்சடித்த சார்ட்டை ஏன் ஓயாமல் திருத்த வேண்டும்? சென்னையைப் பார்த்தாலே புரியும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே துறைமுகத்துக்குக் கடலில் கல் சுவர் எழுப்பினார்கள். 1881 நவம்பர் புயல் அதைச் சிதைத்தது, மறுபடியும் கட்டினார்கள். நம் கிழக்குக் கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். சுவர் அந்த மணலை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து இன்றைய அகலமான மெரினா உருவானது. வடக்கே மணல் வரத்து நின்று ராயபுரம், எண்ணூர்ப் பக்கம் கரை அரித்தது. மனிதன் ஒரு சுவர் கட்டினான். அதன் இரு பக்கமும் கரையும் ஆழமும் மாறிப்போயின.

இப்படி ஒவ்வொரு துறைமுகத்திலும் ஏதோ ஒன்று மாறிக்கொண்டே இருக்கிறது. மிதவை இடம் மாறுகிறது, விளக்கின் நிறம் மாறுகிறது, புதுக் குழாய் பதிக்கிறார்கள், கப்பல் மூழ்குகிறது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கண்டெய்னர் கப்பல், ஜூன் மாதம் அங்கேயே தரைதட்டி மூழ்கியது. நம் ஊர்ச் சரக்கு போகும் வாசலிலேயே ஒரு புது ஆபத்து. மூழ்கிய அன்றே கப்பல்களுக்கு எச்சரிக்கை போக வேண்டும்; சிதைவை அகற்றினால் அந்தச் செய்தியும் போக வேண்டும்.

இந்தியாவில் இந்த வேலையைச் செய்வது டேராடூனில் உள்ள தேசிய நீர்ப்பரப்பு அளவாய்வு அலுவலகம். 1874-இல் கல்கத்தாவில் கடல் அளவாய்வுத் துறையாகத் தொடங்கி, 1954-இல் மலையடிவார டேராடூனுக்குப் போனது. கடலே இல்லாத ஊரிலிருந்து கடலுக்கு வழி சொல்கிறார்கள் என்பதில் திருப்பத்தூர்க்காரனான எனக்கு ஒரு தனிப் பாசம். 'கடலோடிகளுக்கான அறிவிப்பு' என்ற ஏட்டை அவர்கள் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வெளியிடுகிறார்கள். பிரிட்டன் வாரம் ஒரு முறை வெளியிடுகிறது.

அன்று: ஊதா மை

அறிவிப்பு ஏடுகள் அன்று தபாலில் வரும். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ அங்குள்ள ஏஜென்டிடம் காத்திருக்கும். நீண்ட பயணம் முடிந்து கரை பிடித்தால் நாலைந்து வாரத்துக் கட்டு ஒன்றாகக் கைக்கு வரும். எங்கள் கப்பலில் பல நூறு சார்ட்டுகள், பெரிய இழுப்பறைகளில் அடுக்கடுக்காக. எந்தச் சார்ட்டுக்கு எந்த அறிவிப்பு என்று பதிவேட்டில் முதலில் குறிக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு சார்ட்டாக மேசையில் விரித்து உட்கார வேண்டும்.

கருவிகள் எளியவை: முடி போன்ற கோடு விழும் ரோட்ரிங் பேனா, ஊதா மை, டிவைடர், இணைகோல். நிரந்தர மாற்றம் என்றால் ஊதா மை. தற்காலிக மாற்றமோ, முழு விவரம் பிறகு வரும் என்ற முன்னறிவிப்போ என்றால் பென்சில். மெல்லிய டிரேசிங் தாளைச் சார்ட்டின் மேல் பொருத்தி, ஊசி முனையால் இடத்தைக் குத்தி, அங்கே மிதவையை வரைவோம். மாற்றம் பெரிதாக இருந்தால் அச்சடித்த துண்டுத் தாள் வரும், வெட்டி ஒட்டுவோம்.

நீக்க வேண்டியதைச் சுரண்டி அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். கீழே இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். நேற்று இங்கே என்ன இருந்தது என்று நாளை வருபவனுக்கும் தெரிய வேண்டும் என்பதற்கான விதி அது. பல வருடம் ஓடிய சார்ட்டைத் தடவினால் அதன் முதுகில் ஊசித்துளைகள் தட்டுப்படும்.

எல்லாம் முடிந்ததும் சார்ட்டின் இடது கீழ் மூலையில், அந்த ஆண்டுக்கு நேரே அறிவிப்பின் எண்ணை எழுத வேண்டும். ஒவ்வொரு அறிவிப்பிலும், அதே சார்ட்டுக்கு இதற்கு முன் வந்த திருத்தத்தின் எண்ணையும் அச்சிட்டிருப்பார்கள். மூலையில் கடைசியாக எழுதிய எண் அதுவாக இருந்தால், சங்கிலி அறவில்லை. வேறு எண் இருந்தால், நடுவில் ஒரு திருத்தம் விடுபட்டுவிட்டது என்று அர்த்தம்.

நான் ஒரு முறை அதைப் பார்க்கத் தவறினேன். ஆறு வாரத்துக் கட்டு, இரண்டு இரவு தூக்கமில்லை. வரிசையாகத் திருத்திக்கொண்டே போனவன், ஒரு துறைமுக வாசலின் சார்ட்டில் முந்தைய எண்ணைச் சரிபார்க்காமல் புது எண்ணை எழுதிவிட்டேன். புறப்படும் முன் பாதையைப் பார்க்க வந்த கேப்டன் டிவைடர் முனையை அந்த மூலையில் வைத்தார். "தம்பி, இதுக்கு முன்னாடி ஒரு நம்பர் இருந்திருக்கணுமே, எங்கே?" என்றார். கத்தவில்லை. விடுபட்டது ஒரு சிவப்பு மிதவை இடம் மாறிய செய்தி. நாங்கள் அன்று மாலை அதைக் கடந்துபோக வேண்டியிருந்தது. கேப்டன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அந்த மிதவையை வரைந்து முடிக்கும்வரை எழவில்லை.

சார்ட்டைத் திருத்துவது கைவேலை மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். என் கையால் வரைந்த மிதவை என் மனதிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. ராத்திரி பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேல்தளத்தில், வாட்ச் நிற்கும்போது, அந்த வெளிச்சம் தெரியும் முன்பே அதைத் தேடினேன்.

இன்று: ஐந்து நிமிடம்

என் தங்கை மகன் இப்போது ஒரு கண்டெய்னர் கப்பலில் செகண்ட் ஆபீசர். அவன் பிரிட்ஜில் காகிதமே இல்லை. எக்டிஸ் என்ற மின்னணுச் சார்ட்டுத் திரைகள் இரண்டு. ஒன்று பழுதானால் மற்றது. 2012-இல் தொடங்கிப் படிப்படியாக 2018 ஜூலைக்குள் சர்வதேசப் பயணம் போகும் பெரிய கப்பல்கள் பெரும்பாலானவற்றுக்கும் இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். திருத்தம் செயற்கைக்கோள் வழியாக வருகிறது. "அஞ்சு நிமிஷம் மாமா. டவுன்லோடு, பென்டிரைவ், அப்டேட். முடிஞ்சுது," என்கிறான்.

இதில் கிடைத்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆறு வாரம் காத்திருந்த செய்தி இப்போது வார முடிவுக்குள் கையில் இருக்கிறது. என்னைத் தடுமாற வைத்த முந்தைய எண்ணை இன்று இயந்திரமே பார்த்துக்கொள்கிறது: நடுவில் ஒன்று விடுபட்டால் அடுத்ததை ஏற்காமல் எச்சரிக்கிறது. எங்கள் காலத்தில் ஜிபிஎஸ் காட்டும் இடம் ஒன்று, பழைய சார்ட்டில் அதன் இடம் ஒன்று என்று இருக்கும். பரங்கிமலை அருகே 1802-இல் லாம்டன் என்ற அளவையாளர் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவையிலிருந்து வளர்ந்த, எவரெஸ்ட் என்ற பூமி வடிவக் கணக்கும் இன்றைய செயற்கைக்கோள் கணக்கும் வேறு வேறு. சார்ட்டின் ஓரத்தில் 'இத்தனை மினிட் தள்ளிக் குறிக்கவும்' என்ற குறிப்பைப் படித்துப் படித்துத் தள்ளினோம். அவனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அளக்கும் விதமும் மாறிவிட்டது. ஒரு காலத்தில் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி ஆழம் பார்த்தார்கள். குண்டின் அடியில் தடவிய கொழுப்பில் மணல் ஒட்டினால் அடி மணல், வெறுமையாக வந்தால் பாறை. ஒரு முறை இறக்கினால் ஒரு புள்ளியின் ஆழம் மட்டும் தெரியும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் பாறை ஒளிந்திருக்கலாம். இன்று ஒலிக்கற்றைகளை விசிறிபோல் விரித்து, அடிப்பரப்பை அகலப் பட்டையாகவே அள்ளுகிறார்கள். 2024 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் பணியில் சேர்ந்த ஐஎன்எஸ் சந்தாயக் அப்படிப்பட்ட நம் அளவாய்வுக் கப்பல். அதே ஆண்டு டிசம்பரில் ஐஎன்எஸ் நிர்தேஷக் சேர்ந்தது.

காகிதம் விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் சார்ட் வெளியிடும் நோவா அமைப்பு தன் பழைய காகிதச் சார்ட்டுகளை ஒவ்வொன்றாக விலக்கி 2025 தொடக்கத்துக்குள் முடித்துவிட்டது. 2026-க்குள் நிறுத்துவதாக 2022-இல் அறிவித்த பிரிட்டன், பலரும் கேட்டுக்கொண்ட பிறகு 2030 வரையாவது தொடர்வதாகச் சொல்லியிருக்கிறது.

திரை மறைத்த திட்டு

ஆனாலும் விபத்து நிற்கவில்லை. 2014 நவம்பர் 29 அன்று, உலகைச் சுற்றும் வோல்வோ ஓஷன் ரேஸில் ஓடிய வெஸ்டாஸ் விண்ட் பாய்மரப் படகு, மொரீஷியஸுக்குச் சொந்தமான கார்கடோஸ் கராஹோஸ் திட்டில் ராத்திரியில் மோதியது. படகிலிருந்த ஒன்பது பேரும் பிழைத்தது பெரும் பேறு. அந்தத் திட்டு மின்னணுச் சார்ட்டில் இல்லாமல் இல்லை. திரையைச் சுருக்கி வைத்துப் பாதையைப் பார்த்தபோது அதன் அபாயம் கண்ணில் படவில்லை. விரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னொரு கதை தோல் ஏற்றுமதிக்காரர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2011 மே 17 அன்று சிஎம்ஏ சிஜிஎம் லிப்ரா என்ற கண்டெய்னர் கப்பல் சீனாவின் ஷியாமென் துறைமுகத்திலிருந்து வெளியே வரும்போது, மிதவைகள் காட்டும் தடத்தை விட்டு விலகித் தரைதட்டியது. அங்கே பல இடங்களில் ஆழம் சார்ட்டில் உள்ளதைவிடக் குறைவு என்று 2010 டிசம்பரிலேயே அறிவிப்பு வந்திருந்தது. நாங்கள் பென்சிலால் குறிப்போமே, அந்த வகை முன்னறிவிப்பு. அது அந்தக் கப்பலின் சார்ட்டிலும் இல்லை, பயணத் திட்டத்திலும் இல்லை.

கடலில் கப்பலை மீட்க ஆன செலவைக் கப்பல்காரரும் சரக்குக்காரர்களும் பங்கு போட்டுக் கட்டுவது பழைய வழக்கம். ஜெனரல் ஆவரேஜ் என்பார்கள். லிப்ராவில் சரக்கு ஏற்றியிருந்த சிலர் கட்ட மறுத்து வழக்காடினார்கள். பத்து வருடம் கழித்து, 2021 நவம்பரில், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது: அந்த எச்சரிக்கை இல்லாத பயணத் திட்டத்தோடு புறப்பட்ட கப்பல், கடலில் போகத் தகுதியற்ற கப்பல். எஞ்சின் ஓடுகிறதா, உடல் ஓட்டையா என்று மட்டும் பார்த்தால் போதாது. பென்சிலால் எழுத வேண்டிய ஒரு வரியை எழுதாமல் விட்டாலும் கப்பல் பழுதுதான். என் தொழிலுக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதையாக அந்தத் தீர்ப்பை நினைக்கிறேன்.

லிப்ரா கதையில் இருந்தது காகிதச் சார்ட்டு. அதனால் அன்று எல்லாம் ஒழுங்கு, இன்று எல்லாம் சோம்பல் என்று நான் பேச மாட்டேன். அன்று கை சோர்ந்தால் திருத்தம் சார்ட்டில் ஏறாமல் போனது. இன்று சார்ட்டில் தவறாமல் ஏறுகிறது, திருத்தியவனின் மனதில் ஏறாமல் போகிறது. சார்ட்டின் இடத்தில் இயந்திரம் உட்காரலாம், மனதின் இடத்தில் உட்கார முடியாது.

போன விடுமுறைக்கு வந்தபோது தங்கை மகனிடம் கேட்டேன். "அப்டேட் போட்டேங்கிறியே, என்ன மாறுச்சுன்னு பார்த்தியாடா?"

"பார்க்க வசதி இருக்கு மாமா. எது எது மாறியிருக்குன்னு கலர்ல காட்டும்."

"நீ பார்க்கிறியா?"

அவன் சிரிக்கவில்லை. வீட்டில் நான் வைத்திருக்கும் பழைய சார்ட் ஒன்றை விரித்தேன். காலாவதியானதால் ரத்து செய்து கப்பலில் கழித்துக் கட்டியது அது. இடது கீழ் மூலையில் நாலு பேர் கையெழுத்தில் ஊதா எண்கள். என் எண்கள் நடுவில். விரலை வைத்து ஒன்றொன்றாகப் படித்தான். பல இடங்களில் ஒற்றைக் கோடு போட்டு அடித்ததன் கீழே இருந்ததையும் படித்தான்.

போன வாரம் கொழும்புக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றபோது போன் செய்தான். சாப்பிட்டாயா என்று நான் கேட்கும் முன்பே, அந்த வாரத்துத் திருத்தங்களில் தன் பாதையில் வருகிறவை மூன்று என்று சொன்னான். நோட்டில் எழுதி வைத்திருந்தான். முதல் இரண்டும் போகும் வழியில் தூரத்தில். மூன்றாவது மறுநாள் காலை துறைமுகத்துக்குள் நுழையும்போது இடது பக்கம் வர வேண்டிய ஒரு மிதவை.

"எந்த நிறம்?" என்றேன்.

திரையைப் பார்க்காமலே சொன்னான்.