விடிஞ்சா மீன் வாயைப் பிளக்குதா? பச்சைக் குளத்துக்குள் நடப்பது இதுதான்!

ஐப்பசி அடைமழை. மூன்று நாளாக வெயில் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் வயலுக்கு நடுவே குட்டை வெட்டி மீன் வளர்ப்பவர்களுக்கு இந்த நாள்களில் விடியற்காலை 4 மணி என்றாலே பயம்தான். டார்ச் அடித்துப் பார்த்தால், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். விடிந்தால் சில செத்து மிதக்கும். அதிலும் பெரிய மீன்தான் முதலில் போகும். விற்பனைக்கு எடை கூடி நின்ற மீன்!

யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்புவது இப்போதுதான். பெரும்பாலும் காரணம் குளத்துக்குள்ளேயே இருக்கிறது.

குளத்துப் பச்சை என்பது கண்ணுக்குத் தெரியாத பாசிகள். இவற்றைத் தின்று, தூசி போன்ற நுண்ணுயிரிகள் பெருகும். மேல்மட்டத்தில் மேயும் கட்லாவுக்கு அவைதான் முக்கியத் தீனி. சாணம் கரைத்து ஊற்றுவதே இந்தச் சங்கிலிக்காகத்தான்.

பகலில் வெயில் பட்டால் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதுவும் மீனைப்போலவே ஆக்சிஜனை இழுக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் மீனுக்கு நிம்மதி. மேகமூட்டத்தில் பகல் வரவு குறைகிறது, இரவுச் செலவு அப்படியே. பாசி மொத்தமாகச் செத்தால் இன்னும் மோசம். அதை மட்கவைக்கும் பாக்டீரியாவும் மிச்ச ஆக்சிஜனைக் குடித்துவிடும்.

சித்திரையில் சிக்கல் வேறு. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடப்படுவதால் வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. வெயிலில் நீலப்பச்சைப் பாசி பெயின்ட் கொட்டியதுபோலப் படரும். பிற்பகலில் பி.ஹெச் 9-ஐத் தாண்டினால், தண்ணீரிலுள்ள அம்மோனியா அதிக நச்சாக மாறும்.

இதைக் கவனிக்க கருவி இல்லையா? முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் பச்சை அளவோடு இருக்கிறது. மணிக்கட்டு தாண்டியதுமே மறைந்தால் சாணத்தை நிறுத்த வேண்டும். தெளிவாகத் தெரிந்தால் தீனி போதவில்லை. இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி 1865-ல் வெள்ளைத் தட்டை கடலில் இறக்கிப் பார்த்ததும் இதே கணக்குதான்.

மேகம் மூடிய நாளில் தீவனமும் உரமும் வேண்டாம். விடியலுக்கு முன்பே ஏரேட்டரையோ மோட்டாரையோ போட்டுவிட வேண்டும். போர் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால், குழாயை உயரத்தில் கட்டி, தண்ணீர் சிதறி விழும்படி விடுவது முக்கியம்.