பாட்டிலுக்கும் உண்டு மாநில எல்லை: தலைநகரில் கிராஃப்ட் பீர் படும் பாடு

புது தில்லி: தில்லியில் உள்ள அரசு மதுக்கடைகள் பலவற்றில் வாடிக்கையாளர் வெளியேதான் நிற்க வேண்டும். கம்பித் தடுப்பின் இடுக்கு வழியே பணத்தை நீட்டி, வேண்டிய மதுவின் பெயரைச் சொன்னால் பாட்டில் கைக்கு வரும். எடுத்துப் பார்ப்பது, லேபிளைப் படிப்பது, எப்போது தயாரானது என்று கேட்பது ஆகியவற்றுக்கு அங்கு இடமில்லை. பின்னால் நிற்பவரும் பொறுக்க மாட்டார். டாஸ்மாக் கடைகளைப் பார்த்துப் பழகிய தமிழர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

'கிராஃப்ட் பீர்' எனப்படும், சிறு அளவில் தயாரிக்கப்படும் பீர் வகைகளுக்கு இத்தகைய கடை சற்றும் பொருந்தாது. பெரிய ஆலைகளின் பீரைப் பெயர் சொல்லி வாங்கலாம். ஊரெல்லாம் அறிந்த பெயர் அது. கிராஃப்ட் பீரோ பார்த்து, கேட்டு, தேர்ந்தெடுக்க வேண்டிய பொருள். மது விளம்பரத்துக்குத் தடை உள்ள நாட்டில், புதிய பீர் ஒன்று தன்னை அறிமுகப்படுத்திக் கொள்ள ஏறக்குறைய ஒரே இடம் கடையின் அலமாரிதான். அந்த அலமாரியே கண்ணில் படாத இடத்தில் இருந்தால் என்ன செய்வது?

பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட் கிடைக்கும். அதை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறிய பின் ஈஸ்ட் கலந்து நொதிக்க விடுவதே பீர் தயாரிப்பு. பெரிய ஆலையும் இதைத்தான் செய்கிறது. சிறிய கூடமும் இதைத்தான் செய்கிறது. வேறுபாடு, எதைச் சேர்க்கிறார்கள், எவ்வளவு காலம் காத்திருக்கிறார்கள், கடைசியில் அதைச் சூடுபடுத்திக் கிருமி நீக்குகிறார்களா என்பதில் உள்ளது. ஆலை பீர் அவ்வாறு சூடுபடுத்தப்படுவதால் மாதக்கணக்கில் தாங்கும். மைக்ரோ புரூவரி எனப்படும் சிறு கூடங்களின் பீர் பெரும்பாலும் அவ்வாறு செய்யப்படுவதில்லை. குளிர்ந்த தொட்டியில் சில வாரங்களே அது நன்றாக இருக்கும். ஒருவகையில் அது பாலைப் போன்றது.

தில்லியின் கோடையில் வெப்பம் 45 டிகிரியைத் தொடும். குளிர்சாதன வசதியில்லாத கிடங்கில் சில வாரங்கள் கிடந்த பீரில் ஹாப்ஸின் மணம் முதலில் போகும். பிறகு ஈர அட்டையின் வாடை வரும். இந்தியாவில் விற்கும் பீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் 'ஸ்டிராங்' வகை. போதைக்காகவே வாங்கப்படும் அந்த வகையில் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. மணத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கப்படும் பீரில் நிச்சயம் தெரியும். எனவே, லேபிளில் தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குவதே இதில் பாலபாடம். கம்பித் தடுப்புக்கு வெளியே நிற்பவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இத்தனைக்கும் பீர் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஹிமாசல மலைகளில் ஆங்கிலேயர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே பீர் ஆலை தொடங்கினர். இன்று உலகெங்கும் கிராஃப்ட் பீர் பிரியர்கள் தேடிச் செல்லும் 'இந்தியா பேல் ஏல்' என்ற வகையின் பெயரிலேயே இந்தியா இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி இங்கு வந்த பீர் அது. தற்கால மைக்ரோ புரூவரி அலையோ மிகப் பிந்தியது. புணேயில் 2009-இல் தொடங்கிய டூலாலி முன்னோடிகளில் ஒன்று. நாசிக் அருகேயுள்ள தேவ்லாலி முகாமில் ஊருக்குத் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்தே சித்தம் கலங்கிய ஆங்கிலேயச் சிப்பாய்களால் பிறந்த ஆங்கிலச் சொல் அது. உரிமத்துக்காகக் காத்திருப்பவர்கள் நிறைந்த தொழிலுக்குப் பொருத்தமான பெயர்தான். பெங்களூரின் இந்திராநகரில் 2010-இல் டாய்ட் வந்தது. அதன் பின்னர் அந்நகரமே இத்தொழிலின் தலைநகராக மாறிவிட்டது.

நாட்டின் தலைநகர் மட்டும் ஏன் பின்தங்கியது? விடை அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. மதுவின் உற்பத்தி, இருப்பு, போக்குவரத்து, விற்பனை அனைத்தும் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோதும் குடிக்கும் மது அதற்கு வெளியிலேயே வைக்கப்பட்டது. ஆகவே ஒரு பீர் தயாரிப்பாளருக்கு இந்தியா என்பது ஒரே சந்தையல்ல. மாநிலத்துக்கு மாநிலம் தனி உரிமம், தனி வரி, தனி விலை. ஒவ்வொரு லேபிளுக்கும் தனிப் பதிவு. தில்லியில் விற்க வேண்டிய பாட்டிலில் 'தில்லியில் மட்டும் விற்பனைக்கு' என்று அச்சிட்டாக வேண்டும். ஹரியாணாவில் விற்காமல் தேங்கியதை எடுத்து வந்து தில்லியில் விற்க முடியாது.

பெயரால் வந்த வினை: இந்த ஏற்பாட்டின் கடுமையை எடுத்துக்காட்ட 'பீரா 91' ஒன்று போதும். தில்லியைச் சேர்ந்த அங்குர் ஜெயின் 2015-இல் சந்தைக்குக் கொண்டுவந்த பீர் இது. இந்தியாவின் தொலைபேசிக் குறியீட்டு எண்ணே 91. தொடக்கத்தில் பெல்ஜியத்தில் தயாரித்து இறக்குமதி செய்யப்பட்டது. பின்னர் உள்நாட்டிலேயே தயாரிக்கப்பட்டது. திருப்பிப் போட்ட 'பி' எழுத்தும் குரங்குப் படமும் கொண்ட பாட்டில் சில ஆண்டுகளில் பெருநகர இளைஞர்களின் அடையாளமாயிற்று. ஜப்பானின் கிரின் நிறுவனமும் முதலீடு செய்தது.

பங்குச் சந்தையில் நுழையும் திட்டத்தில் இருந்த அந்த நிறுவனம், பி9 பெவரேஜஸ் பிரைவேட் லிமிடெட் என்ற தன் பெயரிலிருந்து 'பிரைவேட்' என்ற ஒரு சொல்லை நீக்கியது. பீர் மாறவில்லை, பாட்டில் மாறவில்லை, உரிமையாளரும் மாறவில்லை. ஆனால் கலால் துறைகளின் கணக்கில் அது வேறு நிறுவனம். மாநிலம் மாநிலமாக லேபிள்களை மீண்டும் பதிவு செய்ய வேண்டியிருந்தது. விற்பனை மாதக்கணக்கில் தடைபட்டது. பழைய பெயருடன் அச்சான சுமார் ரூ.80 கோடி மதிப்புள்ள சரக்கு பயனற்றுப் போனது. 2023-24-ஆம் நிதியாண்டில் நிறுவனத்தின் விற்பனை வருவாய் ரூ.638 கோடியாகச் சரிந்தது, இழப்போ ரூ.748 கோடி. முந்தைய ஆண்டிலும் ரூ.445 கோடி இழப்பு இருந்ததால், பழி முழுவதையும் ஒரு சொல்லின் மீது சுமத்த இயலாது. ஏற்கெனவே தள்ளாடியவரை அது கீழே தள்ளியது என்பதே சரி. 2025-இல் ஊதியம் பல மாதங்களாக வரவில்லை என்று கூறி, 250-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் தலைமையை மாற்றக் கோரி மனு அனுப்பும் அளவுக்கு நிலைமை முற்றியது.

சாக்கடைக்குப் போன பீர்: சிறு கூடங்களின் சிக்கல் வேறு. அவற்றின் பீர் தயாரித்த இடத்திலேயே குடிக்கப்பட வேண்டும் என்பதே பல மாநிலங்களில் உரிம நிபந்தனை. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தபோது தொட்டிகள் நிறைந்திருந்தன, கதவுகள் மூடப்பட்டன. பாட்டிலில் அடைத்து விற்க அனுமதியில்லை. நாடு முழுவதும் சுமார் 250 மைக்ரோ புரூவரிகளில் 8 லட்சம் லிட்டர் பீரைக் கொட்ட வேண்டிய நிலை ஏற்பட்டிருப்பதாக அந்த ஆண்டு மே மாதம் கிராஃப்ட் பீர் தயாரிப்பாளர் சங்கம் தெரிவித்தது. 'கிரௌலர்' எனப்படும் மூடியிட்ட பெரிய குடுவைகளில் நிரப்பி வீட்டுக்குக் கொடுக்க அனுமதியுங்கள் என்பதே அவர்களது வேண்டுகோள். கர்நாடகம் உள்ளிட்ட சில மாநிலங்கள் இசைந்தன. ஆனால், அதற்குள் குருகிராமில் பலர் தொட்டிகளைத் திறந்துவிட்டிருந்தனர்.

தில்லிக்கும் ஒரு வாய்ப்பு வந்து போனது. 2021 நவம்பர் 17-இல் நடைமுறைக்கு வந்த புதிய கலால் கொள்கை, சில்லறை விற்பனையை முற்றிலும் தனியாரிடம் விட்டது. நகரம் 32 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு 849 கடைகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. கடை 500 சதுர அடிக்குக் குறையக் கூடாது. வாடிக்கையாளர் உள்ளே வந்து தேர்ந்தெடுக்க வேண்டும். நடைபாதையில் கூட்டம் சேரக் கூடாது. 2,500 சதுர அடியில், சுவைத்துப் பார்க்கும் அறையுடன் கூடிய ஐந்து உயர்தரக் கடைகளுக்கும் அதில் இடமிருந்தது. மைக்ரோ புரூவரிகள் பீரைக் குடுவையில் கொடுத்தனுப்பவும் வழி செய்யப்பட்டது. கிராஃப்ட் பீருக்கு இதைவிட ஏற்ற விதிகளைத் தலைநகர் கண்டதில்லை.

பிறகு நடந்தது நாடறிந்தது. உரிமம் வழங்கியதில் முறைகேடு என்ற புகார், சிபிஐ விசாரணை, கைதுகள். 2022 ஆகஸ்ட் இறுதியுடன் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. செப்டம்பர் 1 முதல் நான்கு அரசு நிறுவனங்களின் கடைகள் மீண்டும் திறந்தன. கொள்கையில் ஊழல் நடந்ததா என்பது நீதிமன்றங்களின் பொறுப்பு. ஆனால் கடை எப்படி இருக்க வேண்டும் என்ற அதன் நல்ல அம்சமும் சேர்ந்தே குப்பைக்குப் போனதை யாரும் பேசவில்லை.

எனவே, தில்லி பீர் பிரியர்கள் எல்லை தாண்டுகிறார்கள். குருகிராமின் 29-ஆவது செக்டாரில் மைக்ரோ புரூவரிகள் வரிசையாக உள்ளன. ஹரியாணாவில் மது அருந்தும் வயதை 25-இலிருந்து 21-ஆகக் குறைக்க 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. தில்லியின் புதிய கொள்கையிலும் அதே யோசனை இருந்தது, கொள்கையோடு அதுவும் போயிற்று. குடித்துவிட்டு வாகனம் ஓட்டாமல் திரும்ப மெட்ரோ ரயிலின் மஞ்சள் வழித்தடம் உதவுகிறது. கையில் பாட்டில் இருந்தால்தான் சிக்கல்.

பயணி ஒருவர் மூடி திறக்காத இரண்டு பாட்டில்களைக் கொண்டு செல்லலாம் என்று 2023 ஜூன் இறுதியில் மெட்ரோ நிர்வாகம் அறிவித்தது. உடனே தில்லி கலால் துறை குறுக்கிட்டது: வேறு மாநிலத்திலிருந்து ஒரு பாட்டிலுக்கு மேல் கொண்டுவர விதியில் இடமில்லை. குரு துரோணாச்சார்யா நிலையம் ஹரியாணாவில் இருக்கிறது. அடுத்த நிலையமான அர்ஜன்கட் தில்லியில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சில நிமிடப் பயணம்தான். அதற்குள் பையில் உள்ள இரண்டாவது பாட்டில் சட்டவிரோதமாகிவிடுகிறது.