பார் யாருடையது?

தேங்காய்ப்பட்டணம், குளச்சல் கடலடியில் கிடக்கும், பார் எனப்படும் பாறைத்திட்டுகளில்தான் மீன் கூடும். மார்த்தாண்டம் சந்தைக்கு வரும் நல்ல மீன் பலவும் அந்தப் பார்களில் பிடித்தவைதான். ஒரு பாரில் யார் பிடிக்கலாம், எந்த வலை போடலாம் என்பதில் தகராறு வந்தால் ஊரே பேசித் தீர்ப்பது பழைய வழக்கம். அதே கேள்வி அரசின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு மன்னார் வளைகுடாவைப் பார்க்கலாம்.

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே பவளப்பாறைகள் சூழ்ந்த 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. நோக்கத்தில் குறையில்லை, சுண்ணாம்புக்காகப் பவளத்தையே வெட்டி அள்ளிய காலம் அது. ஆனால் அதே தீவோரங்களில்தான் பாம்பன், சின்னப்பாலம் பெண்கள் காலங்காலமாக முங்கிப் பாசி எடுத்துவந்தார்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் பறிப்பார்கள். அது அகர் ஆலைகளுக்குப் போகும். 2000க்குப் பிறகு கெடுபிடி இறுகியது. பாசி எடுத்தவர்கள் அத்துமீறியவர்கள் ஆனார்கள்.

அவர்கள் செய்த காரியம்தான் முக்கியம். சங்கமாகக் கூடி, தாங்களே விதி வகுத்தார்கள். பவளத்தைக் காயப்படுத்தும் இரும்புச் சுரண்டி வேண்டாம், கைதான். மாதத்தில் 12 நாள் மட்டும்: அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. இந்த அமைப்பை வழிநடத்திய லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது.

விருது வந்தது, உரிமை வரவில்லை. அவர்கள் விதி அவர்களை மட்டுமே கட்டியது. விசைப்படகின் இழுவலையைத் தடுக்க அதற்கு வலு கிடையாது. போதாததற்கு, வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் என்ற அந்நியப் பாசி குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஒரு துறை அதைப் பிடுங்குகிறது. இன்னொரு துறை வளர்க்கச் சொல்கிறது. பாதுகாப்புக்காகக் கிராமக் குழுக்களும் உண்டு. பூங்காவின் எல்லையைத் தொடும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை.

பிலிப்பைன்சின் அப்போ தீவில் 1980களில் ஊரார் ஒரு பகுதியில் மீன்பிடிப்பதை நிறுத்தினார்கள். உள்ளாட்சி அதைச் சட்டமாக்கியது. இங்கே அந்த இரண்டாவது படிதான் விடுபட்டுவிட்டது.

தமிழகக் கடலோரம் இப்போது கான்கிரீட்டால் செயற்கைப் பார்களை இறக்குகிறார்கள். நம் கரையில் இறக்குவதற்கு முன், எந்த வலை, யார் காவல், மீறினால் என்ன தண்டம் என்பதை ஊர்களோடு பேசி எழுத்தில் வையுங்கள். அந்த எழுத்துக்கு மாவட்ட நிர்வாகம் கையெழுத்தும் போட வேண்டும்.