நாணலை எரிக்கும் முன்

கரும்பில் இடைக்கணுப் புழு தண்டுக்குள் புகுந்துவிட்டால், மேலே எத்தனை டேங்க் மருந்து அடித்தாலும் அதன்மேல் படாது. கணுவருகே ஒரு துளை, அதிலிருந்து தள்ளிய சக்கைத்தூள், இவ்வளவுதான் வெளியே தெரியும். உள்ளே எடையும் சர்க்கரைச் சத்தும் போய்க்கொண்டிருக்கும். ஆகவே புழு துளைக்க முடியாதபடி தோல் தடித்த, நார் மிகுந்த கரும்பு வேண்டும். அந்தக் குணம் மிகுந்திருப்பது வாய்க்கால் கரையில் களையென்று நாம் எரிக்கும் நாணலிலும் அதன் உறவுப் புற்களிலும்தான்.

நாணலைக் கரும்போடு கலப்பது கோயம்புத்தூருக்குப் பழகிய வேலை. 1912-ல் அங்கே தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் இனிப்புக் கரும்பை உள்ளூர் நாணலோடு கலந்தார்கள். அப்படிப் பிறந்த கோ 205 ரகம் 1918-ல் வெளிவந்தது. இன்று தமிழ்நாட்டு வயல்களில் நிற்கும் கோ 86032 ரகத்தின் பரம்பரையிலும் நாணல் உண்டு. வறட்சியைத் தாங்குவதும் மறுதாம்பு நன்றாகத் துளிர்ப்பதும் பெரும்பாலும் அந்த வழி வந்த சொத்து.

பட்டினத்தார் கையில், காட்டுக் கரும்பான பேய்க்கரும்பு இனித்ததாகச் சொல்வார்கள். ஆய்வு வயலில் அது அவ்வளவு சீக்கிரம் இனிக்காது. புழுவைத் தடுக்கும் குணத்தோடு ஒல்லித் தண்டும் குறைந்த சர்க்கரையும் சேர்ந்தே வரும். அவற்றைக் கழிக்கத் தலைமுறை தலைமுறையாக இனிப்புக் கரும்போடு திரும்பத் திரும்பக் கலக்க வேண்டும். ஒரு ரகம் வெளிவரப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். எனவே "புழுவே தொடாத கரும்பு" என்று யாராவது கரணை விற்றால் நம்பாதீர்கள். எதிர்ப்பு கூடிய ரகம் உண்டு. புழுவே அண்டாத ரகம் கிடையாது.

இப்போதைக்குக் கையில் இருக்கும் வழியையும் விட்டுவிடக் கூடாது. 5, 7-ஆம் மாதங்களில் சோகை உரியுங்கள். 4-ஆம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறையாக ஆறு தடவை முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டுங்கள். அட்டை கட்டிய வயலில் பூச்சிமருந்து அடித்தால் செத்துப்போவது நமக்கு உதவ வந்த பூச்சிதான்.

சட்டம் தரும் பாதுகாப்பு பலருக்குத் தெரியாமலே இருப்பது வருத்தம். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 39-ஆம் பிரிவில், பயிர்களின் காட்டு உறவினங்களைத் தேர்ந்து காக்கும் விவசாயிக்கு, அவர் காத்த செடி பதிவுக்குரிய ரகத்துக்கு மரபணு தந்திருந்தால், மரபணு நிதியிலிருந்து அங்கீகாரமும் வெகுமதியும் பெறும் உரிமையைத் தருகிறது. பதிவு பெற்ற ரகத்தின் கரணை, ரகத்தை உருவாக்கியவர் சொன்ன சூழலில் சொன்ன பலனைத் தராவிட்டால், அந்தச் சட்டத்தின் ஆணையத்திடம் இழப்பீடு கோரலாம். நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்திருக்கிறது: விலைக்கு விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் தீர்ப்பளித்திருக்கிறது. அங்கே வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம். ரசீதையும் ரகப் பெயர் எழுதிய சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். வயலைத் தேதியோடு படமெடுத்து, வேளாண் அலுவலரின் ஆய்வறிக்கையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கரை நாணலுக்கும் ஒரு பதிவேடு உண்டு. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுத வேண்டும். உங்கள் ஊர்ப் பதிவேட்டில் நாணல் இடம்பெற்றிருக்கிறதா என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். இல்லையென்றால், எந்த வாய்க்கால், எந்தக் கரை என்று குறித்து மனுக் கொடுங்கள்.