கோடு நகர்ந்தால் பள்ளி மாறும்

அமெரிக்காவில் ஒரு பிள்ளை எந்த அரசுப் பள்ளியில் படிக்கும் என்பதைப் பெரும்பாலும் வீட்டு முகவரிதான் முடிவு செய்கிறது. மதிப்பெண்ணோ விண்ணப்ப வரிசையோ சிபாரிசோ இதில் எடுபடாது. முகவரி எந்தப் பள்ளியின் எல்லைக்குள் விழுகிறதோ அந்தப் பள்ளியில்தான் இடம். அதனால்தான் அந்த எல்லைக் கோட்டை நகர்த்தும் பேச்சு எழுந்தால் ஊரே இரண்டுபடுகிறது. உயர்நிலைப் பள்ளியின் கோடு என்றால் சச்சரவு இன்னும் கூடுதல்.

கோடுகள் இரண்டு வகை. முதல் கோடு பள்ளி மாவட்டத்தைச் சுற்றி ஓடுவது. இந்தப் பள்ளி மாவட்டம் நம் ஊர் வருவாய் மாவட்டம் போன்றதல்ல; பள்ளிகளை நடத்துவதற்கென்றே அமைந்த உள்ளாட்சி அமைப்பு. நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் ஆள்கிறது. அன்றாட நிர்வாகத்தை வாரியம் நியமிக்கும் கண்காணிப்பாளர் பார்த்துக்கொள்கிறார். வட கரோலினா, மேரிலாந்து, ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் ஒரு கவுன்டி, அதாவது மாநிலத்தின் நிர்வாக உட்பிரிவு, முழுவதுமே பெரும்பாலும் ஒரே பள்ளி மாவட்டம். வடகிழக்கு மாநிலங்களில் சின்னச் சின்ன ஊர்களுக்கும் தனித்தனிப் பள்ளி மாவட்டம் உண்டு.

இரண்டாவது கோடு அந்த மாவட்டத்துக்குள்ளேயே ஒவ்வொரு பள்ளிக்கும் போடப்படும் சேர்க்கை எல்லை. தொடக்கப் பள்ளி எல்லைகள் சிறியவை. அவற்றில் சில சேர்ந்து ஒரு நடுநிலைப் பள்ளிக்கும், அங்கிருந்து ஓர் உயர்நிலைப் பள்ளிக்கும் பிள்ளைகளை அனுப்பும். புதிதாகக் குடிவருபவர் பள்ளி மாவட்டத்தின் இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் மூன்று பள்ளிகளின் பெயரும் வந்துவிடும். சேர்க்கையின்போது வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது என்று குடியிருப்புக்குச் சான்று கேட்பார்கள். பொய் முகவரி கொடுத்தால் விளையாட்டல்ல. ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரான் நகரில் வசித்த ஒரு தாய், தன் தந்தையின் முகவரியைக் காட்டிப் பக்கத்துப் பள்ளி மாவட்டத்தில் மகள்களைச் சேர்த்த வழக்கில் 2011இல் 9 நாள் சிறையில் இருந்தார்.

சிறைக்குத் துணியும் அளவுக்கு அந்தக் கோட்டில் என்ன இருக்கிறது? முதலில் பணம். அரசுப் பள்ளிகளுக்கான செலவில் மத்திய அரசின் பங்கு சிறியது. மீதியை மாநில அரசும் உள்ளூரும் ஏறக்குறையச் சமமாகத் தாங்குகின்றன. உள்ளூர்ப் பணத்தின் பெரும்பகுதி வீடு உள்ளிட்டவற்றின் மேல் விதிக்கப்படும் சொத்து வரி. வீட்டு விலை உயர்ந்த ஊரில் பள்ளிக்கும் வசதி கூடும். இது பள்ளி மாவட்டங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு. ஒரே மாவட்டத்துக்குள் பணக் கணக்கு அவ்வளவாக மாறாவிட்டாலும் பள்ளியின் பெயர், ஆசிரியர்களின் அனுபவம், உடன் படிப்பவர்களின் பின்னணி, கல்லூரித் தரத்துப் பாடங்கள் எத்தனை என்பதெல்லாம் பள்ளிக்குப் பள்ளி மாறுகின்றன. பாஸ்டன் புறநகர்களில் சேர்க்கை எல்லையின் இரு பக்கமும் உள்ள வீடுகளைப் பொருளாதார அறிஞர் சாண்ட்ரா பிளாக் ஒப்பிட்டு 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தொடக்கப் பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால், வீட்டுக்கு 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கப் பெற்றோர் தயாராக இருந்தார்கள் என்பது அவர் கண்ட கணக்கு. இது அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் அத்துபடியான சங்கதிதான். வீடு வாங்கும் பேச்சு வந்தாலே சமையலறை அளவுக்கு முன்னால் 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி?' என்ற கேள்வி வந்துவிடுகிறது.

அப்படிப் பணம் போட்டு வாங்கிய வீட்டின் பள்ளி ஒருநாள் மாறிவிடலாம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. சட்டப்படி வீட்டை விற்பவர் பள்ளியையும் சேர்த்து விற்கவில்லை. எல்லையை மாற்றும் அதிகாரம் எப்போதும் பள்ளி வாரியத்தின் கையில்தான் இருக்கிறது. வாங்குபவர் மனத்திலோ அது கிரயப் பத்திரத்தில் எழுதியது போலவே பதிந்துவிடுகிறது.

எல்லையை மாற்ற வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் கட்டடத்திலிருந்து பிறக்கிறது. ஊரின் ஒரு பக்கம் புதுக் குடியிருப்புகள் முளைத்து அங்குள்ள பள்ளி நிரம்பி வழியும். விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் தற்காலிக வகுப்பறைப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்குவார்கள். மறுபக்கம் பிள்ளைகள் வளர்ந்து போய்விட்ட பழைய தெருக்களில் வகுப்பறைகள் காலியாகக் கிடக்கும். புதுப் பள்ளி திறந்தாலும் பழைய பள்ளியை மூடினாலும் கோடுகளைத் திருத்தியே ஆக வேண்டும்.

வேலை கணிப்பிலிருந்து தொடங்குகிறது. பிறப்புக் கணக்கு, ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் அடுத்த வகுப்புக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்ற பழைய விகிதம், கட்ட அனுமதி பெற்ற வீடுகள் ஆகியவற்றை வைத்து 5, 10 ஆண்டுகளுக்கான மாணவர் எண்ணிக்கையைத் திட்டப் பிரிவினர் கணிக்கிறார்கள். பிறகு மாவட்டம் முழுவதையும் சில தெருக்கள் கொண்ட சிறு துண்டுகளாகப் பிரித்து, துண்டுகளை இந்தப் பள்ளிக்கும் அந்தப் பள்ளிக்குமாக நகர்த்திப் பார்க்கிறார்கள். எந்தத் துண்டு எங்கே போகலாம் என்பதற்கு வாரியம் முன்கூட்டியே விதிகள் வகுத்திருக்கும். பள்ளி அருகில் இருக்க வேண்டும். எல்லை துண்டுபடாமல் இருக்க வேண்டும். கட்டடம் நிரம்பவும் கூடாது, காலியாகவும் கூடாது. நடந்து போகும் பிள்ளை பேருந்து ஏறும்படி ஆகக் கூடாது. ஒரே நடுநிலைப் பள்ளியில் படித்தவர்கள் சேர்ந்தே மேலே போக வேண்டும். பல இடங்களில், ஏழைப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் குவியக் கூடாது என்பதும் உண்டு. ஒவ்வொரு விதியும் தனியே பார்த்தால் நியாயமானது. ஆனால் வசதியானவர்களும் ஏழைகளும் தனித்தனியே வாழும் ஊரில் அருகிலுள்ள பள்ளி என்ற விதியும் கலந்து படிக்க வேண்டும் என்ற விதியும் ஒன்றையொன்று வெட்டும். 1960களிலிருந்தே இதற்குக் கணிதமும் கணினியும் பயன்பட்டு வருகின்றன. அவை கணக்குப் போடும். எந்த விதி பெரிது என்பதைச் சொல்லாது.

தொடக்கப் பள்ளியைவிட உயர்நிலைப் பள்ளியில் எதிர்ப்பு சூடாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 9 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான அந்த நான்கு ஆண்டுகளின் மதிப்பெண் பட்டியல்தான் கல்லூரிக்குப் போகிறது. வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பால் ஆட்டம், இசைக் குழு, பள்ளியின் சின்னமான விலங்கு, அதே பள்ளியில் படித்த அப்பா அம்மா என்று ஊரின் பெருமையும் அங்கேதான் குடியிருக்கிறது. ஆகவே வாரியங்கள் வழக்கமாக ஒரு சலுகை கொடுக்கின்றன: கடைசி வகுப்பில் இருப்பவர்கள், சில இடங்களில் 11ஆம் வகுப்பினரும், பழைய பள்ளியிலேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் பேருந்து வராது. பெற்றோர்தான் கொண்டுபோய் விட வேண்டும். வீட்டில் இரண்டு கார் இருப்பவருக்கு இது சலுகை. மற்றவருக்கு ஏட்டில் உள்ள சலுகை.

இந்தச் சாய்வு பொது விசாரணைக் கூட்டங்களிலும் தெரியும். வரைவு வெளியானதும் வாரியம் ஊர் மக்களின் கருத்தைக் கேட்கும். ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் பேசலாம். ஒரே நிறச் சட்டை அணிந்து, தாங்களே தயாரித்த வரைபடத்தோடு வருபவர்கள் பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரர்கள். இரவு வேலைக்குப் போகிறவரும் ஆங்கிலம் சரளமாக வராதவரும் அந்த மைக் முன்னால் அபூர்வமாகவே நிற்கிறார்கள்.

இத்தனைக்கும் அடியில் ஓடுவது இன வரலாறு. தென் மாநிலங்களிலும் வேறு சில இடங்களிலும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளையினப் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளி என்று சட்டமே இருந்தது. கன்சாஸ் மாநிலத்தின் டொபீகாவில் லிண்டா பிரவுன் என்ற சிறுமி, வீட்டுக்கு அருகிலிருந்த வெள்ளையினப் பள்ளியைத் தாண்டித் தொலைவிலுள்ள கறுப்பினப் பள்ளிக்குப் பேருந்து பிடித்துப் போக வேண்டியிருந்தது. அந்தக் குடும்பமும் சேர்ந்து தொடுத்த வழக்கில்தான் 1954 மே 17 அன்று, பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரித்து வைப்பதற்காகப் பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்பிய காலத்தில் பேருந்து வெள்ளையினப் பெற்றோர் பலருக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. சேர்ப்பதற்காக அனுப்பியபோதுதான் தூரம் திடீரென்று கொடுமையானது.

சட்டம் போன பிறகு கோடு அந்த வேலையைச் செய்தது. கொலராடோவின் டென்வர் நகரில் சட்டப்படியான பிரிவினை இருந்ததே இல்லை. ஆனால் அங்குள்ள வாரியம் கறுப்பினக் குடியிருப்பின் நடுவே வேண்டுமென்றே ஒரு சின்னப் பள்ளியைக் கட்டியது, எல்லைகளை வளைத்து வளைத்துப் போட்டது, பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றாமல் தற்காலிக வகுப்பறைகளில் அடைத்தது என்று நீதிமன்றத்தில் நிரூபணமானது. கீஸ் வழக்கு எனப்படும் இந்த வழக்கில் 1973இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, எல்லைக் கோடும் பிரிவினைக் கருவிதான் என்பதைத் தெற்குக்கு வெளியேயும் நிலைநாட்டியது.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே வட கரோலினாவின் சார்லட் நகரம் பெயர் பெற்றிருந்தது. இந்தியாவில் மதப் பணி செய்துவிட்டு ஊர் திரும்பிய டேரியஸ் ஸ்வான் என்ற கறுப்பினப் போதகர், தன் மகனை அருகிலிருந்த கலப்புப் பள்ளியில் சேர்க்க முயன்று முடியாமல் 1965இல் வழக்குத் தொடுத்தார். அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் ஜூலியஸ் சேம்பர்ஸின் வீட்டில் அதே ஆண்டு குண்டு வெடித்தது. நகரத்தின் 21,000 கறுப்பின மாணவர்களில் சுமார் 14,000 பேர் முற்றிலுமோ ஏறக்குறைய முற்றிலுமோ கறுப்பினப் பள்ளிகளில் படிப்பதை நீதிமன்றம் கண்டது. ஒட்டியிராத பகுதிகளை ஒரே எல்லையில் சேர்க்கலாம், பேருந்தில் கலந்து அனுப்பலாம் என்று 1971இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சார்லட் முணுமுணுத்தபடியே தொடங்கிப் பிறகு அதில் பெருமை கொண்டது. 1984இல் அங்கே வந்த அதிபர் ரீகன் பேருந்துத் திட்டம் தோற்றுவிட்டது என்று பேசியபோது கூட்டம் அமைதியாக இருந்தது. உள்ளூர் நாளிதழ் அவர் சொன்னது தவறு என்று தலையங்கம் எழுதியது. பாஸ்டனில் 1974இல் இதே ஏற்பாடு கல்வீச்சிலும் கலவரத்திலும் போய் முடிந்தது.

அதே 1974இல் டெட்ராய்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் ஒரு வாசலை மூடியது. நகரத்தோடு 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்துப் போட்ட திட்டம் செல்லாது. தவறு செய்ததாக நிரூபிக்கப்படாத மாவட்டத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது என்றது. இரண்டு கோடுகளில் வெளிக்கோடே வலியது என்றானது. கலந்து படிக்க விரும்பாதவர் கோட்டைத் தாண்டிக் குடிபோனால் போதும். டெட்ராய்ட் தீர்ப்பை விட்டுவிட்டு அமெரிக்கப் புறநகர்களின் வளர்ச்சியைப் பேசுவது அரைகுறைப் பேச்சு.

நீதிமன்ற மேற்பார்வை மெல்ல விலகியது. சார்லட்டில் 2002இல் அருகிலுள்ள பள்ளி முறை திரும்ப வந்தது; ஏறக்குறையப் பாதி மாணவர்களுக்கு ஒதுக்கப்பட்ட பள்ளி மாறியது. புதுக் கோட்டின் இரு பக்கமும் வசித்த பிள்ளைகளைப் பின்னாளில் ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், சிறுபான்மையினர் மிகுந்த பள்ளிக்கு மாற்றப்பட்டவர்களின் மதிப்பெண் குறைந்ததையும், சிறுபான்மையின இளைஞர்களிடையே குற்ற வழக்குகள் கூடியதையும் கண்டார்கள். 2007இல் சியாட்டில், லூயிவில் நகரங்களின் வழக்கில், தனி மாணவரின் இனத்தைப் பார்த்துப் பள்ளி ஒதுக்குவதை உச்ச நீதிமன்றம் தடுத்தது. ஆனால் ஐந்தாவது வாக்கைத் தந்த நீதிபதி ஆன்டனி கென்னடி, புதுப் பள்ளிக்கு இடம் தேர்வதிலும் எல்லை வரைவதிலும் அந்தந்தப் பகுதியின் மக்கள் தொகை அமைப்பைக் கருதலாம் என்று தனியே எழுதினார். விரும்பும் வாரியங்களுக்கு மிஞ்சிய முக்கியக் கருவி கோடுதான்.

வட கரோலினாவின் வேக் கவுன்டி இனத்தை விட்டு வருமானத்தை 2000இலேயே கையில் எடுத்திருந்தது: இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியானவர்கள் எந்தப் பள்ளியிலும் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கொள்கை பாராட்டுப் பெற்றது. ஆனால் கவுன்டி வேகமாக வளர்ந்ததால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை மாற்ற நேர்ந்து பெற்றோர் சலித்துப்போனார்கள். 2009 தேர்தலில் வாரியம் கைமாறியது. 2010இல் 5க்கு 4 என்று அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. 2011 தேர்தலில் வாரியம் மறுபடி கைமாறியது.

மேரிலாந்தின் ஹோவர்ட் கவுன்டியில் கதை வேறு. இனம் கலந்து வாழவென்றே 1967இல் ஜேம்ஸ் ரவுஸ் உருவாக்கிய கொலம்பியா நகரம் இருக்கும் இடம் அது. நெரிசலைக் குறைக்கவும் ஏழை மாணவர்களைப் பரவலாக்கவும் 2019 ஆகஸ்டில் கண்காணிப்பாளர் சுமார் 7,400 மாணவர்களை மாற்றும் திட்டத்தை முன்வைத்தார். கூட்டங்கள் இரவு வரை நீண்டன. ஆசிய வம்சாவளிப் பெற்றோர் பலர் எதிர்த்து ஊர்வலம் போனார்கள். நவம்பரில் வாரியம் ஒப்புக்கொண்டது சுமார் 5,400 பேரை. புதிய கில்ஃபோர்ட் பார்க் உயர்நிலைப் பள்ளி 2023இல் திறக்கவிருந்ததால், 2022இல் அங்கே மறுபடியும் வரைபடம் விரிக்கப்பட்டது.