சிறுபான்மை மாணவரும் கல்லூரித் தலைமையும்: சன் பிரான்சிஸ்கோ பகிஷ்கரிப்புக் குறித்துச் சில சிந்தனைகள்

உயர்கல்வி நிலையங்களிற் சிறுபான்மை மாணவர் தம்மை அந்நியராக உணர்வதற்கு, அவர்தம் இனத்தவர் தலைமைப் பதவிகளில் இல்லாமையே காரணம் எனக் கருதுவோர் பலர். இக்கருத்தில் ஓரளவு உண்மையுண்டு. ஆயின் அது எத்துணைப் போதாதது என்பதை, ஐக்கிய அமெரிக்காவின் சன் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் 1968-69இல் நிகழ்ந்த வகுப்புப் பகிஷ்கரிப்பைக் கொண்டு நாம் தெளியலாம்.

கருஞ்சிறுத்தைக் கட்சியைச் சேர்ந்த விரிவுரையாளர் ஜோர்ஜ் மறே இடைநிறுத்தப்பட்டமை உடனடிக் காரணமாயிற்று. 1968 நவம்பர் 6ஆம் திகதி கறுப்பு மாணவர் சங்கம் தொடங்கிய போராட்டத்தில், ஆசிய, மெக்சிக்க, லத்தீன் அமெரிக்க வழிவந்த மாணவர் 'மூன்றாம் உலக விடுதலை முன்னணி'யாக இணைந்தனர். முன்வைக்கப்பட்ட கோரிக்கைகள் 15. அவற்றை ஊன்றி நோக்கின், தம்மை அன்புடன் நடத்துமாறு கேட்கும் கோரிக்கை ஒன்றுதானும் இல்லை என்பது புலனாகும். யாரை அனுமதிப்பது, யாரை நியமிப்பது, எதைக் கற்பிப்பது என்பனவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரமே கேட்கப்பட்டது. உழைக்கும் மக்களின் பிள்ளைகள் பலர் கல்லூரி வாயிலிலேயே தடுக்கப்பட்டிருந்த நிலையில், உள்ளே புகுந்த சிலரது மனநிறைவை மட்டும் பேசுவதிற் பயனில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இங்கு மனங்கொள்ளத்தக்கது யாதெனில், போராட்டத்தை ஒடுக்குதற்கு நியமிக்கப்பட்ட பதில் தலைவரும் ஒரு சிறுபான்மையினரே. கனடாவிற் பிறந்த யப்பானிய வம்சாவளியினரான எஸ். ஐ. ஹயகாவா, ஆளுநர் றொனால்ட் றீகனின் ஆதரவைப் பெற்றிருந்தார். டிசெம்பர் 2ஆம் திகதி மாணவரின் ஒலிபெருக்கி வண்டிமேல் ஏறிக் கம்பிகளைத் தம் கையாலேயே பிடுங்கினார். அவர் சொற்பொருளியல் அறிஞர் என்பது நகைப்புக்குரியதாயினும் உண்மை. பின்னர் செனற்றரான ஹயகாவா, 1981இல் ஆங்கிலத்தையே அரச மொழியாக்கும் அரசியலமைப்புத் திருத்தமொன்றையும் பிரேரித்தார். 1956ஐ அறிந்த நம் வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆட்சிபீடம் தனக்கு வேண்டிய முகத்தை எவ்வினத்திலிருந்தும் தேர்ந்துகொள்ளும்.

1969 ஜனவரியில் ஆசிரியர் சங்கமும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அம்மாதம் 23ஆம் திகதி மட்டும் நானூறுக்கு மேற்பட்டோர் கைதாயினர். மார்ச்சில் உடன்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே இனக்குழுவியற் கல்விக்கான பீடம் தோன்றிற்று. இன்று பல பல்கலைக்கழகங்களிற் பயிலப்படும் அத்துறைக்கு அதுவே முதற் பீடம். ஆனால் ஜோர்ஜ் மறேயோ, கறுப்பரியற் கல்வித் திட்டத்தை வகுத்த நேதன் ஹெயரோ அங்கு மீண்டும் பணியிலமர்த்தப்படவில்லை.