‘ம்’ கொட்ட ஆள் வேணும்

கோவில்பட்டிக்கு வருகிறவர்கள் கடலைமிட்டாய் வாங்காமல் பஸ் ஏறுவதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு நான் வந்தால் முதலில் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் (கி.ரா.) நினைவரங்கம், அப்புறம்தான் மிட்டாய்க் கடை. வரிசையை மாற்றினால் உள்ளே ஒருத்தரும் காது கொடுக்க மாட்டார்கள்.

2021 மே மாதம் கி.ரா. காலமானார், அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு நடந்தது. மறு வருஷமே இந்த நினைவரங்கத்தை அரசு திறந்தது. பள்ளிப் படிப்பை முடிக்காத சம்சாரி அவர். 1989-ல் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை நாட்டுப்புறக் கதைகளுக்காகப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்!

அவருக்குச் சொந்த ஊர், திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கிற இடைசெவல். பால்ய சிநேகிதர் கு. அழகிரிசாமியும் அதே ஊர்தான். அழகிரிசாமிக்கு 1970, கி.ரா.வுக்கு 1991, பூமணிக்கு 2014, உருளைக்குடி சோ. தர்மனுக்கு 2019 என்று கோவில்பட்டி வட்டாரத்துக்கே நாலு சாகித்ய அகாதெமி விருது. ஆற்றுப் பாசனம் இல்லாத மண்ணில் எப்படி இத்தனை விளைந்தது?

எனக்குத் தெரிந்த பதில் இதுதான். கரிசல் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் பருத்தியும் கம்பும். மழைக்குக் காத்திருக்கும் நாளெல்லாம் மடத்தில் பேச்சு. கடலை உடைக்க உட்கார்ந்தால் கதை. கேட்கிறவர் ‘ம்’ கொட்ட வேண்டும். நின்றால், “தூங்கிட்டியா?” என்று கதையும் நின்றுவிடும். அந்தப் பேச்சை அப்படியே தாளில் இறக்கியவர் கி.ரா. வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே தொகுத்தார்.

நினைவரங்கத்தில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருக்கிற புத்தகம் ‘ம்’ கேட்காது. அதனால் அங்கே போவதற்கு முந்தின வாரமே பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம்: பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஒரு கதை கேட்டு வரணும். போன தடவை இரண்டு பேர் கொழுக்கட்டைக் கதையோடு வந்தார்கள். மாமியார் வீட்டில் தின்ற பலகாரத்தின் பேரை வழியிலேயே தொலைத்துவிட்டு வந்து, பெண்டாட்டியை அடிக்கிற மாப்பிள்ளையின் கதை. ஒருத்தியின் பாட்டி, மாப்பிள்ளையை ஓடை தாண்ட வைத்தாள். இன்னொருவனின் பாட்டி, வண்டிப்பாதையில் கல் தடுக்க வைத்தாள். எது சரி என்று சண்டை. “ரெண்டுமே சரி. சொல்றவங்க பார்த்த பாதைதான் கதையில வரும்” என்றேன். அன்றைக்கு, ஊர் ஊராகக் கேட்டுத் திரட்டிய கி.ரா.வின் நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம் எதற்கு என்று பாடம் நடத்த வேண்டிய அவசியமே வரவில்லை.

நீங்களும் வாருங்கள். பிள்ளைகளோடு வீட்டுப் பெரியவர் ஒருத்தரையும் கூட்டி வாருங்கள். நினைவரங்கத்தில் உள்ள கி.ரா. சிலையைச் சுற்றிப் பார்த்த பிறகு, வெளியே ஒரு நிழல் பார்த்து அவரைப் பேசவிடுங்கள். செல்போனில் பதிவு செய்தால் நல்லதுதான். ஆனால் போன் ‘ம்’ கொட்டாது. அதை நீங்கள்தான் செய்யணும்.